20 வருஷம் முடித்தால் முழு பென்ஷனா? வி.ஆர்.எஸ். கொடுக்கும் முன்

கேள்வி, 11-8-2024

பிறந்த தேதி 1-6-1966. மாநில அரசில் 1-7-1997 முதல் இளநிலை உதவியாளராக நிரந்தரம், இப்போது கண்காணிப்பாளர். அதற்கு முன் அதே அலுவலகத்தில் 1-7-1993 முதல் தொகுப்பூதியம். அடிப்படைச் சம்பளம் 62,000. உடம்பு ஒத்துழைக்கவில்லை, விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். 20 வருஷம் முடித்தாலே முழு பென்ஷன் என்கிறார் ரயில்வேயில் இருக்கும் மச்சான். எப்படியும் 30-6-2026ல் போகப் போகிறவன்தானே? இடையில் இருக்கும் ரெண்டு வருஷத்தால் என்ன பெரிய நஷ்டம் வந்துவிடும்?

பதில், 11-8-2024, இரவு

மச்சான் சொல்வது மச்சானுக்குச் சரி. மத்திய அரசில் பழைய பென்ஷன்காரர்களுக்கு ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 33 வருஷக் கணக்கை எடுத்துவிட்டார்கள். தகுதியுள்ள குறைந்தபட்ச சர்வீஸ் இருந்தாலே பாதிச் சம்பளம் பென்ஷன். நீங்கள் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978க்குள் வருபவர். இங்கே முழு பென்ஷனுக்கு இன்றைக்கும் 30 வருஷம் வேண்டும். 20 வருஷம் என்பது வி.ஆர்.எஸ். கேட்பதற்கான தகுதி, அவ்வளவுதான். 50 வயது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் 20 வருஷம் தகுதியுள்ள பணிக்காலம் முடிந்திருக்க வேண்டும், மூன்று மாத முன்னறிவிப்பு. அடிப்படை விதி 56(3) சொல்வது இதைத்தான். பென்ஷன் எவ்வளவு என்பது தனிக் கணக்கு.

இன்னொன்று. நீங்கள் ஓய்வு பெறுவது 30-6-2026 இல்லை, 31-5-2026. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் முந்தைய மாதக் கடைசி நாளில் போக வேண்டும். ஜூன் 2ஆம் தேதி பிறந்திருந்தால் ஜூன் 30 வரை இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த தேதியைப் போட்டாரே, அவர் ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தால் ஒரு மாதச் சம்பளம் கூடுதல். இப்போது மாற்ற முடியுமா என்று கேட்காதீர்கள். பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமென்றால் பணியில் சேர்ந்த ஐந்து வருஷத்துக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும்.

12-8-2024

கணக்கு போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள்.

இங்கே சர்வீஸை அரையாண்டு அரையாண்டாக எண்ணுவார்கள். மிச்சம் மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் ஓர் அரையாண்டு. 60 அரையாண்டு இருந்தால் முழு பென்ஷன். அதாவது கடைசிச் சம்பளத்தில் பாதி, அல்லது கடைசி பத்து மாதச் சராசரியில் பாதி, எது கூடுதலோ அது. உங்களுக்குப் பாதி 31,000.

இப்போதே நோட்டீஸ் கொடுத்து 30-11-2024ல் வெளியே வந்தால் நிரந்தர சர்வீஸ் 27 வருஷம் 5 மாதம். 55 அரையாண்டு. 31,000ஐ 60ஆல் வகுத்து 55ஆல் பெருக்கினால் 28,417 ரூபாய் வரும். 31-5-2026 வரை இருந்தால் 28 வருஷம் 11 மாதம், 58 அரையாண்டு, 29,967. சம்பளம் ஏறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நடுவில் வரும் இன்கிரிமென்டைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் கூடும். போதாததற்கு வித்தியாசம் அடிப்படை பென்ஷனோடு நிற்பதில்லை, டி.ஏ. அதன் மேல்தான் ஏறும். இதை எழுதும் 2024 ஆகஸ்டில் 50 சதவீதம்.

பணிக்கொடையும் இதே அரையாண்டுக் கணக்குதான். ஓர் அரையாண்டுக்குக் கால் மாதச் சம்பளம், டி.ஏ. சேர்த்து. உச்சவரம்பு பதினாறரை மாதம். 58 அரையாண்டுக்குப் பதினாலரை மாதச் சம்பளம்: 62,000மும் டி.ஏ.வும் சேர்ந்த 93,000ஐப் பெருக்கிப் பாருங்கள், பதிமூன்றரை லட்சத்தைத் தொடும்.

வி.ஆர்.எஸ்.காரர்களுக்கு ஐந்து வருஷம் வெயிட்டேஜ், அதாவது சர்வீஸோடு கூடுதலாகச் சேர்க்கும் வருஷங்கள், உண்டே என்று இதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார். ஐந்து என்பது மேல்வரம்பு. அது உங்களுடைய இயல்பான ஓய்வு நாளைத் தாண்டிப் போகாது. 31-5-2026ல் போக வேண்டியவருக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் கிடைக்க வழியே இல்லை. வெயிட்டேஜை நம்பி வி.ஆர்.எஸ். கொடுப்பதென்றால் ஐம்பது, ஐம்பத்திரண்டு வயதில் கொடுத்திருக்க வேண்டும்.

12-8-2024, சற்று நேரம் கழித்து

தொகுப்பூதியத்தை எல்லாரும் விட்டுவிட்டோம்! அதுதான் இதில் முக்கியம்.

1-4-2003க்கு முன் நிரந்தரம் ஆனவர்களுக்கு, அதற்கு முந்தைய தொகுப்பூதியம், தினக்கூலி, மதிப்பூதிய சர்வீஸில் பாதியைப் பென்ஷனுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். விதி 11, 2009 ஆகஸ்டில் வந்த அரசாணை 408. முழுநேர வேலையாக இருக்க வேண்டும், இடையில் முறிவு இருக்கக் கூடாது. உங்களுக்கு நாலு வருஷம், அதில் பாதி ரெண்டு. 28 வருஷம் 11 மாதத்தோடு சேர்த்தால் 30ஐத் தாண்டிவிட்டது. 60க்கு 60. முழு 31,000.

ஆனால் அந்த நாலு வருஷம் எஸ்.ஆரில், அதாவது பணிப்பதிவேட்டில், ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் எந்த வார்த்தையில்? நாளைக்கே போய்ப் பாருங்கள். தற்காலிக நியமனத்துக்கான 10(a)(i) விதியில் கால முறைச் சம்பளத்தில் போட்டிருந்தால் பாதி இல்லை, முழுசாகவே சேரும். நிறையப் பேர் ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

14-8-2024

"இப்போதுதான் எல்லாம் அரசின் களஞ்சியம் மென்பொருளில் வந்துவிட்டதே, கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுவிடும், எஸ்.ஆரை யார் பார்க்கிறார்கள்" என்று எழுதிய தம்பிக்கு.

நான் பென்ஷன் கருத்துரு தயாரிக்கும் இருக்கையில் பல வருஷம் உட்கார்ந்தவன். கம்ப்யூட்டரில் ஏற்றியது எஸ்.ஆரைப் பார்த்துத்தான். ஏற்றியவர் அவசரத்தில் ஏற்றினார். எஸ்.ஆரில் இல்லாதது அங்கேயும் இருக்காது. தப்பாக இருந்தது அங்கேயும் தப்பாகத்தான் இருக்கும்.

ஓர் எஸ்.ஆர். எப்படி இருக்கும் தெரியுமா? முதல் பக்கத்தில் பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும். கீழே இடது கை விரல் ரேகை, பாதி அழிந்து போய். நடுவில் நூல் விட்டுப்போய், பிற்பாடு யாரோ சணல் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் "சம்பளப் பட்டியலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு முத்திரை, ஒரு கையெழுத்து. நான் முதலில் தேடுவது அந்த முத்திரையைத்தான். பன்னிரண்டு வருஷம் வரிசையாக இருக்கும், அப்புறம் ரெண்டு வருஷம் காணாது, மறுபடி தொடரும். அந்த ரெண்டு வருஷத்தில் ஆள் வேலை பார்த்தாரா, சம்பளம் வாங்கினாரா? ஆள் எதிரே உட்கார்ந்து "தினமும் வந்தேன் சார்" என்பார். வந்தது உண்மைதான். ஏ.ஜி. ஆபீஸுக்கு (மாநிலக் கணக்காயர் அலுவலகம்) காகிதம் வேண்டுமே.

எங்கள் அலுவலகத்தில் ஓர் ஓட்டுநருக்கு இப்படித்தான் ஆனது. அவர் முன்பு இருந்த அலுவலகத்தை ரெண்டாகப் பிரித்தபோது பழைய சம்பளப் பட்டியல்கள் ஒரு கோணிப்பையில் கட்டி மாடிப்படிக்கு அடியில் கிடந்திருக்கின்றன. போய்ப் பிரித்தால் மேலே அட்டை இருக்கிறது, உள்ளே முழுக்கக் கரையான். கடைசியில் அந்த வருஷங்களின் ஜி.பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்குச் சீட்டை அவர் மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தது கிடைத்தது. மாதாமாதம் பிடித்தம் ஏறியிருக்கிறது, ஆகவே சம்பளம் வாங்கியிருக்கிறார், ஆகவே பணியில் இருந்திருக்கிறார். அதையும் இன்கிரிமென்ட் பதிவுகளையும் வைத்து எழுதி அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். அந்த அம்மாள் அந்தச் சீட்டை அடுப்பில் போட்டிருந்தால் நாலு அரையாண்டு போயிருக்கும்.

அசாதாரண விடுப்பையும் பாருங்கள். மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த நாட்கள் தகுதியுள்ள பணிக்காலத்தில் சேராது. சான்று கொடுத்திருப்பார், விடுப்பு ஆணையில் "மருத்துவச் சான்றின் பேரில்" என்று ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அந்த ஆணையைப் போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்ச் சேர்ந்தும் இருப்பார். யாரிடம் கேட்பது?

14-8-2024

தம்பி மறுபடி கேட்கிறார்: அப்படியானால் எத்தனை வயதில் எஸ்.ஆரைப் பார்க்க வேண்டும்?

உங்களுக்கு என்ன வயது? அந்த வயதில்.

19-8-2024

ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தால் என்ன என்று தனிச்செய்தியில் ஒரு பெண் கேட்டிருந்தார். அம்மா, தயவுசெய்து அந்த வார்த்தையைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். ராஜினாமா என்றால் முந்தைய சர்வீஸ் மொத்தமும் போய்விடும். முறையான அனுமதியோடு வேறொரு அரசு வேலைக்குப் போகக் கொடுக்கும் ராஜினாமாவுக்கு மட்டும் விலக்கு. உங்களுக்கு 20 வருஷம் ஆகியிருந்தால் கேட்க வேண்டியது விருப்ப ஓய்வு.

25-8-2024

நேற்று மத்திய அமைச்சரவை யு.பி.எஸ். (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) என்று ஒன்றை ஒப்புக்கொண்டதிலிருந்து இங்கே ஒரே ஆரவாரம். 25 வருஷம் சர்வீஸ் இருந்தால் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி. பத்து வருஷம் முடித்தவருக்குக் குறைந்தது 10,000. குடும்பத்துக்கு அதில் 60 சதவீதம். 1-4-2025லிருந்து நடைமுறை. ஊழியர் பங்கு 10 சதவீதம் தொடரும், அரசு 18.5 போடும். மத்திய அரசில் என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கான திட்டம் இது. தமிழ்நாட்டு சி.பி.எஸ்.காரர்களுக்கு இதனால் ஒரு ரூபாய்கூடத் தானாக வராது.

சி.பி.எஸ். பற்றித் தெரியாதவர்களுக்கு: அது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், 1-4-2003 முதல் மாநில அரசில் சேர்ந்தவர்கள் எல்லாரும் அதில். சம்பளம், டி.ஏ.வில் 10 சதவீதம் பிடிப்பார்கள், அரசு அதே அளவு போடும். மத்திய அரசின் என்.பி.எஸ்.ஸில் தமிழ்நாடு சேரவில்லை. அதனால் 2024 நிலவரப்படி ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையை வட்டியோடு மொத்தமாகக் கொடுத்து அனுப்பினார்கள், மாதப் பென்ஷன் கிடையாது. 31-3-2003ல் சேர்ந்தவரும் மறுநாள் சேர்ந்தவரும் ஒரே அறையில் ஒரே வேலை பார்க்கிறார்கள். முன்னவர் மனைவிக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம். பின்னவர் குடும்பத்துக்கு ஒரு காசோலை. நான் பழைய திட்டத்தில் பென்ஷன் வாங்குபவன், அதனால் இதில் நியாயம் பேசினால் சுலபமாக வாயை அடைத்துவிடுவார்கள். இருந்தாலும் சொல்கிறேன், இது அநியாயம்.

2-9-2024

கேட்டவர் உடல்நிலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதியிருக்கிறார். கணக்கு கணக்கு என்று நானும் ஓடிவிட்டேன், அவருக்கு வேறொரு வழி இருப்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு. 20 வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவருக்கு மொத்தம் 540 நாள் வரை உண்டு. இவர் எடுத்தது ரொம்பக் குறைவாக இருக்கும் என்று அவர் எழுதுவதிலிருந்து தெரிகிறது. அந்த விடுப்பு தகுதியுள்ள பணிக்காலத்தில் சேரும், சம்பளமும் உண்டு. நீண்ட விடுப்பு கேட்டால் மருத்துவக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். அனுப்பட்டும், நோய் உண்மையென்றால் என்ன பயம்? இதற்கு மேல் கணக்கில் ஈட்டிய விடுப்பு வேறு இருக்கும். அதில் 240 நாள் வரை கடைசியில் காசாக்கலாம், ஆகவே அதை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

வி.ஆர்.எஸ். கொடுப்பவர்களில் பாதிப் பேர் வேலையை வெறுத்துக் கொடுப்பதில்லை, ஒரு ஆறு மாதம் மூச்சு விட நேரம் கிடைக்காமல் கொடுக்கிறார்கள். என் இருக்கைக்கு வந்தவர்களில் ஒருவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, ரெண்டாவது மாதத்தில் வந்து "வாபஸ் வாங்க முடியுமா" என்று மெதுவாகக் கேட்டார். ஆணை அமலுக்கு வருவதற்கு முன்பு கேட்டதால் முடிந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொலைந்தது.

20-10-2024

மத்திய அரசில் ஜூன் 30, டிசம்பர் 31 அன்று ஓய்வு பெற்றவர்களுக்கு மறுநாள் இன்கிரிமென்டைப் பென்ஷன் கணக்குக்கு மட்டும் சேர்க்கலாம் என்று 14ஆம் தேதி ஆணை வந்திருக்கிறது. இதன் வேர் நம் ஊரில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அய்யம்பெருமாள் வழக்கில் 2017 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது: ஒரு வருஷம் முழுக்க உழைத்தாயிற்று, மறுநாள் பணியில் இல்லை என்பதற்காக அந்த வருஷ உழைப்பின் பலனை மறுக்க முடியாது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் கர்நாடக மின் தொடரமைப்புக் கழக வழக்கில் அதே பக்கம் நின்றது.

தமிழ்நாடு இதை முன்னாடியே செய்துவிட்டது, 2014 டிசம்பர் 31 அரசாணை 311. இங்கே இன்கிரிமென்ட் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதிகளில். ஓய்வு பெற்ற மறுநாள் அந்தத் தேதி என்றால் கருத்தியலாக ஒரு இன்கிரிமென்ட் சேர்த்துப் பென்ஷன் போடுவார்கள்.

கேட்டவருக்கு இன்கிரிமென்ட் ஜூலை ஒன்று. அவர் மே 31ல் போகிறார், பதினொரு மாதம் உழைத்தும் கிடையாது. ஜூன் 2ல் பிறந்திருந்தால் ஒரு மாதச் சம்பளத்தோடு ஆயுசுக்கும் ஒரு இன்கிரிமென்ட். வாத்தியார் விஷயத்தை நான் மறக்க நினைத்தாலும் விதி விடமாட்டேன் என்கிறது.

21-10-2024

திசை மாறிப் போகிறோம், இருந்தாலும் கேட்டதால்: ஆமாம், ஓய்வு பெறும் வயதை 58இலிருந்து 59 ஆக்கியது 2020 மே மாதம், கொரோனாவுக்கு நடுவில். 60 ஆக்கியது 2021 பிப்ரவரி அறிவிப்பு. விளைவு வேடிக்கையானது. 2020 ஏப்ரல் 30 அன்று ஒரு கூட்டம் வீட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் வயது முதிர்வால் போனவர்கள் அநேகமாக யாருமில்லை. அடுத்த கூட்டம் போனது 2022 மே 31 அன்றுதான். மே 1 பிறந்தநாள்காரர்களை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 30ல் போனவர்களில் அவர்களும் உண்டு. ஒரு நாள் பிந்திப் பிறந்த பக்கத்து இருக்கைக்காரர் இன்னும் ரெண்டு வருஷம் சம்பளம் வாங்கினார்.

அப்போது பதவி உயர்வுக்குக் காத்திருந்த இளையவர்கள் எங்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை எழுதினால் இந்த இழை வேறு மாதிரி போகும்.

9-12-2024

கம்யூட்டேஷன் எடுக்கலாமா என்று மூன்று பேர். மாநிலத்தில் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வரை மொத்தமாக வாங்கலாம், மத்திய அரசில் 40 சதவீதம். 31,000ல் 10,333 போய்க் கையில் 20,667. டி.ஏ. மட்டும் பழைய 31,000க்கே கணக்கிடுவார்கள், இது பலருக்குத் தெரியாமல் பயப்படுகிறார்கள். விட்டுக்கொடுத்த பகுதி 15 வருஷம் கழித்துத் திரும்ப வரும். கேரளாவில் 12 வருஷம்தான், அதைக் காட்டித்தான் இங்கே சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

மகள் கல்யாணமோ வீட்டுக் கடனோ இருந்தால் எடுங்கள். வங்கியில் போட்டு வட்டி வாங்கலாம் என்று எடுக்காதீர்கள். பையனின் தொழிலுக்குக் கொடுக்க என்றால்… அது உங்கள் வீட்டு விவகாரம், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

28-1-2025

பழைய பென்ஷன், சி.பி.எஸ்., யு.பி.எஸ். மூன்றையும் ஆராய ககன்தீப் சிங் பேடி தலைமையில் மூவர் குழு போட்டிருக்கிறார்கள். ஒன்பது மாதத்தில் அறிக்கை. குழு போட்டால் பென்ஷன் வந்த மாதிரி என்று இனிப்பு கொடுக்கும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். குழுக்கள் இதற்கு முன்பும் வந்திருக்கின்றன.

17-2-2025

கேட்டவர் எஸ்.ஆரைப் பார்த்துவிட்டார். தொகுப்பூதிய நாலு வருஷமும் பதிவாகவே இல்லை. நியமன ஆணை நகல் வீட்டில் இருந்திருக்கிறது. வருகைப் பதிவேடும் பணம் பெற்ற ரசீதுப் புத்தகமும் அலுவலகப் பதிவறையில் கிடைத்துவிட்டன. அவற்றை வைத்து அலுவலகத் தலைவரிடம் பணிச் சான்று வாங்கி எஸ்.ஆரில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது விடுப்பில் இருக்கிறாராம், வி.ஆர்.எஸ். எண்ணத்தை ஒத்திவைத்திருக்கிறார்.

ஒரு வேலை பாக்கி: பெயர். எஸ்.ஆரில் முன்னெழுத்து ஒன்று, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், மனைவி பெயர் ரேஷன் அட்டையில் வேறு மாதிரி. இதைக் கருத்துரு போகும் முன்பே நேராக்குங்கள். உங்களுக்கு ஓடிவிடும். நாளைக்குக் குடும்ப ஓய்வூதியத்துக்கு உங்கள் மனைவி கருவூலத்தில் நிற்கும்போது "இவரும் அவரும் ஒருவரே" என்று வட்டாட்சியரிடம் சான்று வாங்கி வரச் சொல்வார்கள். திருமணமாகாத, கணவரை இழந்த, மணமுறிவான மகள் இருந்தால் அவர் பெயரும் குடும்ப விவரத்தில் வந்தாக வேண்டும்.

18-2-2025

பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதை வருஷா வருஷம் காட்டும் நேர்காணல் பற்றிக் கேட்டவருக்கு: ஏப்ரல் முதல் ஜூன் வரை எல்லாரும் வெயிலில் கருவூலத்தில் முண்டியடித்த காலம் போய்விட்டது. இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் போனால் போதும். உங்கள் அம்மா குடும்ப ஓய்வூதியர் என்றால் அது எந்த மாதத்திலிருந்து தொடங்கியதோ அந்த மாதம். நடக்க முடியாதவர் என்கிறீர்கள், தபால்காரரிடம் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து ரேகை வைத்து மின்னணு உயிர்வாழ் சான்று போட்டுத் தருவார், கட்டணம் 70 ரூபாய். விரல் ரேகை தேய்ந்து பதியாவிட்டால் முகத்தைக் காட்டிப் பதியும் செயலியும் இருக்கிறது. ஆதார் எண், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே வைத்திருங்கள். போன தடவை பி.பி.ஓ. எண்ணைத் தேடி என் அண்ணி பீரோவையே கவிழ்த்துவிட்டார், தபால்காரர் ரெண்டு காபி குடித்துவிட்டார்.